ஃபென்னா வீட்டுக்கு வந்த பட்டாணி சூப்

என் கணவர் ஹார்ம் முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஊரில் அவர் பெயர் ஆலைக்காரர்தான். சனிக்கிழமைதோறும் கால்வாய்க் கரையிலுள்ள பழைய காற்றாலையைச் சம்பளமில்லாமல் ஓட்டுவார். சாயங்காலம் மீசை, புருவம், காது எல்லாம் மாவாக வந்து நிற்பார்.

"வெளியவே நின்னு தட்டிட்டு வா."

"தட்டிட்டேனே."

"அப்ப உள்ள வர்றது யாரு, பனிமனுஷனா?"

ஆலையை நிறுத்தும்போது இறக்கை எங்கே நிற்கிறது என்பதை எங்கள் ஊர் பார்க்கும். மேலேறும் இறக்கை உச்சியைத் தொடக் கொஞ்சம் முன்னால் நின்றால் நல்ல சேதி. உச்சியைக் கொஞ்சம் தாண்டி நின்றால் சாவு.

அந்த வருடம் ஆலையின் மர பிரேக் தேய்ந்துபோனது. புதிது எதற்கு, இறக்கைகளை போல்ட் போட்டு அசையாமல் இறுக்கிவிடலாம், பார்க்க அழகாக நின்றால் போதும் என்றாள் ஆலைச் சங்கத் தலைவி ஃபென்னா. திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. சங்கத்தில் ஏழு பேர். மூன்று பேர் போல்ட்டுக்கு, ஹார்மோடு சேர்த்து மூன்று பேர் பிரேக்குக்கு. ஏழாவது ஓட்டு ஃபென்னாவுடையது.

ஹார்ம் தட்டில் உருளைக்கிழங்கை உருட்டிக்கொண்டே இருந்தார். "சுத்தாத ஆலை எதுக்கு? பஞ்சு அடைச்ச கோழி மாதிரி."

ஞாயிறு காலை, நகரத்திலிருந்து வந்திருந்த ஃபென்னாவின் மகளுக்கு, நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே, அம்மா வீட்டில் வைத்தே பெண் குழந்தை பிறந்தது. விஷயம் தெரிந்ததும் ஹார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். இறக்கையை நல்ல சேதிக்கு நிறுத்திவிட்டு வந்தார்.

"ஐஸ் வைக்கிறியா?"

"வாழ்த்துறேன்."

"நாளைக்கு ஓட்டு."

"அதுக்காக வாழ்த்தக்கூடாதா?"

மதியம் காற்று ஏறியது. தேய்ந்த பிரேக் நழுவியது. இறக்கை யாருக்கும் தெரியாமல் மெல்ல உச்சியைத் தாண்டிப்போய் நின்றது. காலையில் ஃபென்னா வீட்டு வாசலில் டாக்டர் கார் நின்றதை ஊர் பார்த்திருந்தது. உள்ளே தொண்ணூற்று நான்கு வயது மாமியார் இருப்பதும் ஊருக்குத் தெரியும்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"ஹார்ம், உன் ஆலை என் மாமியாரைக் கொன்னுடுச்சு."

போய்ப் பார்த்தோம். கறுப்பு உடையில் கூடம் நிறைய ஆட்கள். ஆளுக்கொரு ரஸ்க், அதன்மேல் பெண் குழந்தைக்கென்று தூவிய இளஞ்சிவப்பு சோம்பு மிட்டாய். கொறிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றார்கள். ரொட்டிக்கடை ரெய்ண்டர் கதவைத் தட்டியபோது திறந்ததே மாமியார்தானாம்.

"யாருப்பா செத்தது?"

"நீங்க... இல்ல... சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"சும்மா பாக்க வர்றவன் கறுப்பு டை கட்டுவானா? கையில என்ன?"

"பட்டாணி சூப்."

"கொண்டா. என் சாவுக்கு வந்த சூப்பை நான்தானே குடிக்கணும்."

நாங்கள் போனபோது இரண்டாவது கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தது.  திரும்பும் வழியில் ஹார்ம், "போச்சு. நானே போல்ட் போட்டுட்டேன்," என்றார்.

மறுநாள் கூட்டத்தில் ஃபென்னா எழுந்தாள்.

"ஒரு மணி நேரத்துல பதினேழு பேர் வந்தாங்க. பத்திரிகையில போட்டாக்கூட இவ்வளவு சீக்கிரம் யாரும் வரமாட்டாங்க. ஊரே அண்ணாந்து பாக்குற ஒண்ணை எப்படிப்பா இறுக்கிப் பூட்டுறது? என் ஓட்டு பிரேக்குக்கு." பிறகு ஹார்மிடம் திரும்பினாள். "ஆனா ஒழுங்கா செய். இன்னொரு தடவை சும்மா சாக மாட்டேன்னு மாமியார் சொல்லிட்டாங்க."

பாப்லர் மரத்தில் புது பிரேக் வந்தது. ஹார்ம் அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஆலையை ஓட்டினார். நிறுத்திய இடத்திலிருந்து இறக்கை விரற்கடைகூட நகர்ந்ததில்லை.

இந்தப் பிப்ரவரியில் இறக்கையை உச்சியைக் கொஞ்சம் தாண்டி நிறுத்தியது, ஹார்மிடம் ஆலை ஓட்டப் பழகிய ரொட்டிக்கடை ரெய்ண்டர். கொஞ்ச நேரத்தில் ஃபென்னா சூப்புப் பானையோடு எங்கள் வேலிக் கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ஆலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பிரேக் நழுவிடுச்சுன்னு சொல்லுடி."

"இல்ல ஃபென்னா," என்றேன். "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது."