பொருந்தாத பேட்டரி

எங்கள் வீட்டு ரேடியோ பேட்டரியில் ஓடுவது. பாராடாங் தீவில் அப்போது கரண்ட் கிடையாது. இரண்டு செங்கலைச் சேர்த்து வைத்த மாதிரி கனமான பேட்டரி ஒன்று பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அது தீர்ந்துவிட்டால் எங்களுக்கு மெயின்லேண்டே தீர்ந்துபோன மாதிரிதான். அந்தத் தடவை அது தீர்ந்தது, அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சமயத்தில்.

தம்பிக்கு நான்கு வயது. கொஞ்சம் ஓடினாலே உதடு நீலம் பாரித்துவிடும். போர்ட் பிளேர் டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பாவுக்குக் காட்டிலாகாவில் மரம் அறுக்கிற வேலை. லீவு சொல்லிவிட்டு அவனோடு கப்பல் ஏறினார். அம்மா மாசமாக இருந்ததால் என்னோடு தங்கிவிட்டாள். எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது என்று சாயங்காலம் ரேடியோவில் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு லாஞ்ச் படகு பிடித்து போர்ட் பிளேர் போக வேண்டும், கப்பல் அணையும் ஜெட்டியிலேயே நின்று பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும் என்று அம்மா நினைத்திருந்தாள். அதனால் லாஞ்சுக்காரர்களிடம், பேட்டரி வாங்கி அனுப்பும்படி மாமாவுக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை. லாஞ்ச் கவிழ்ந்துவிடுமோ, விளக்கு சாய்ந்து கூரை பிடித்துக்கொள்ளுமோ என்று ஏதாவது ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குகிறேன். அப்படிப்பட்டவள், பயப்பட வேண்டிய அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிற மாமா, வேலை நாளில் மத்தியானம் வந்து நின்றார். எனக்கு பிஸ்கட் வாங்கி வரவில்லை. தோளில் பேட்டரியை வைத்தபடி வாசலைத் தாண்டாமல் நின்றார்.

“தங்கச்சி…” என்று ஆரம்பித்தார்.

“வந்துட்டீங்களாண்ணே! லீவு போட்டுட்டா வந்தீங்க? யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டா பத்தாதா? உக்காருங்க, ஜல்தி மாட்டிக் குடுங்க. நேத்தே கப்பல் சேதி சொல்லியிருப்பான்.”

மாமா உட்கார்ந்தார். அம்மா ரேடியோவைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டார்.

பேட்டரி பொருந்தவில்லை. அது வேறு கம்பெனியுடையது. ரேடியோ ஒயரின் முனையில் இருந்த பிளக்கில் நான்கு பின்கள். அதில் ஒன்று மட்டும் தடி. புது பேட்டரியிலும் நான்கு ஓட்டைகள்தான், ஆனால் நான்கும் ஒல்லி.

பக்கத்து வீட்டு பெங்காலி மாஷி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஆரே மிஸ்திரி, தூல்ஹா கா ஸிர் படா, டோபி சோட்டா!” மாப்பிள்ளைக்குத் தலை பெரிது, குல்லாய் சிறிதாம். அம்மாவும் சிரித்தாள்.

அப்பா ரம்பம் தீட்டுகிற அரத்தை எடுத்து வரச் சொல்லி, மாமா அந்தத் தடிப் பின்னைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“இது மட்டும் ஏன் மாமா தடியா இருக்கு?”

“தப்பாத் திருப்பி மாட்டிடக் கூடாதுன்னுதான் பாப்பா. கண்ணு தெரியாதவன் மாட்டினாலும் ஒரே பக்கமாத்தான் போவும். மாத்திப் போட்டா ரேடியோ வால்வெல்லாம் ஒரு நொடியில போயிரும்.”

“அப்ப அதைப் போயித் தேய்க்கிறீங்களே?”

“தேய்ச்சாத்தானே உள்ள போவும். எந்தப் பக்கம்னு நான் ஞாபகம் வெச்சிருக்கேன்.”

எனக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இழுப்பு இழுப்பார், நிறுத்துவார், ஊதுவார், வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பின்னைத் தேய்க்க ஒரு மத்தியானம் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மா எதிரில் உட்கார்ந்து தம்பிக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில பாலும் ரொட்டியும் குடுப்பாங்களாம்ல. உடம்பு போட்டிருப்பான். ரெண்டு விரக்கடை கூட வைக்கட்டாண்ணே?”

“வெய்யி.”

“கையும் நீளமா வெச்சிரட்டா?”

“வெய்யி தங்கச்சி.” அரம் நின்றது. “ஒரு விஷயம் சொல்லணும்…”

“மொதல்ல அதை முடிங்கண்ணே. டயமாச்சு. கப்பல் சேதி போயிட்டா அப்புறம் நாளைக்குத்தான்.”

அரம் மறுபடி ஓடியது.

கடைசியில் பின் ஒல்லியாகிவிட்டது. எல்லாப் பின்னும் ஒன்று போல ஆகிவிட்டது. மாமா பிளக்கை பேட்டரியில் அழுத்தினார். பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்து அணைந்தது. லேசாக ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான். மாற்றிப் போட்டுவிட்டார்.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. “போர்ட் பிளேருக்கே லைட்டு போடுற ஆளு! பிள்ளைக்கி வெளக்கமெல்லாம் சொல்லிட்டு எங்க வீட்டு ரேடியோவுல தப்பாப் போடுறாரு பாரு!” எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மாமா பிளக்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். மாஷிக்குத்தான் பாவமாக இருந்திருக்க வேண்டும். வேலியருகே வந்து, “ஜானே தோ பாயி, ரேடியோதானே போச்சு, ஆத்மி தோ நஹி கயா” என்றாள். போகட்டும் விடு, ஆள் ஒன்றும் போகவில்லையே என்று.

மாமா வாய்விட்டு அழுதார். பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தம்பி ஆஸ்பத்திரியில் போய்விட்ட செய்தி முந்தின நாளே போர்ட் பிளேருக்கு, மாமாவுக்கு வந்துவிட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் அவர் லாஞ்ச் ஏறினார். வெறுங்கையோடு வர முடியாமல், கடையில் இருந்த பேட்டரியைக் கம்பெனி கூடப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார். தேய்த்துக்கொண்டிருந்த வரைக்கும் அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. இதெல்லாம் வெகுநாள் கழித்து எனக்கு நானே கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ரேடியோவைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த சட்டையை இரண்டு கையாலும் சுருட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

“என்னைக்குண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

மாமா பதில் சொல்வதற்குள் மாஷி வேலியைத் தாண்டி ஓடி வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ரேடியோவுக்காகவா இத்தனை பேர் இப்படி என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது தைரியம் சொன்னால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அம்மாவின் தோளைத் தொட்டேன்.

“ரேடியோ இல்லாட்டி என்னம்மா. நாம முன்னாடியே போயி ஜெட்டியில நின்னுக்குவோம். எந்தக் கப்பல்ல வந்தாலும் தம்பி எறங்குறப்ப பாத்துரலாம்.”

அம்மா என்னை இழுத்து வாயைப் பொத்தினாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.