ரோட்டைத் தாண்டிய பிரசவக் கொட்டகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காசிமேட்டில் மருத்துவச்சியாக இருந்த வரைக்கும் அந்த வாயால்தான் பாதி காரியம் நடந்தது, மீதி காரியம் கெட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய் ரேஷனில்தான் கிடைத்தது. மெயின் ரோடு வரைக்கும் கரண்டு வந்திருந்தது, எங்கள் தெருவுக்குக் கம்பம் வரவில்லை. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனோம். என் பிரசவ அறை என்பது ஓர் ஓலைக் கொட்டகை. நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐஸ் பாக்டரியில் ஆயில் எஞ்சின் ஓடும். அதோடு சேர்ந்த டைனமோவில் முதலாளி தன் காம்பவுண்டுக்குள் பல்பு எரித்தார். கூலிக்காரர் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பல்பும் போட்டுக் கொடுத்திருந்தார்.

மீன் விற்கும் ஒருத்திக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. முதல் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. கிழிசல் எங்கே என்று லாந்தர் வெளிச்சத்தில் தெரியாமல் தவித்துப்போனேன். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவையும் அதே லாந்தரோடு அவளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. நேராக முதலாளியிடம் போய் ஒரு கம்பி கேட்டேன்.

அவர் திருநெல்வேலிக்காரர், இளகிய மனசு. "நான் என்ன செய்யட்டும் தாயி? வெளிய கம்பி இழுத்தா எஞ்சினுக்கே பூட்டு போட்டுருவாவ" என்றார்.

மின்சார இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவரையும் பிடித்துக்கொண்டேன்.

"தன் இடத்துல தன் ஆளுங்களுக்கு எரிச்சுக்கலாம்மா. ரோட்டைத் தாண்டி அடுத்தவங்களுக்குக் குடுத்தா லைசென்ஸ் வேணும். சட்டம் அப்படி."

"அந்தச் சட்டத்தையே கூட்டி வந்து பிரசவம் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மீன்காரி என் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். "இன்னா நர்ஸம்மா, இதுக்கா இவ்ளோ பேஜாரு? கம்பிதானே ரோட்ட தாண்டக் கூடாது? கொட்டாய் தாண்டலாம்ல?"

முதலாளியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, காம்பவுண்டுக்குள் ஒரு மூலையைக் காட்டினார். சட்டத்துக்காக என்னையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டார், அன்றிலிருந்து நான் பாக்டரி நர்ஸ். மறுநாள் கடலுக்குப் போய்த் திரும்பிய ஆட்கள் கூடினார்கள். கட்டுமரம் தூக்கிப் பழகிய தோள்கள். கூரையை அலுங்காமல் அப்படியே தூக்கி ரோட்டைக் கடந்தார்கள். வந்த லாரி ஒன்று, கூரை போகட்டும் என்று நின்று வழிவிட்டது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பார்த்தார். சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் டைனமோ சின்னது, பிரசவத்துக்கென்று நான் மாட்டிய பெரிய பல்பையும் சேர்த்துத் தாங்காது, ஒன்று அது எரியணும், இல்லை குடியிருப்பு பல்புகள் எரியணும் என்று சொல்லிவிட்டுப் போனார். குடியிருப்புக்காரர்கள் வெளிச்சம் பார்த்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. போய்க் கேட்டேன். பிரசவம் என்றால் அணைத்துவிடுகிறோம் என்றார்கள். வாயால் சொல்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்காரிக்கு வலி எடுத்தபோது விளக்கு வைக்கும் நேரம். குடியிருப்பில் உலை கொதிக்கும் நேரமும் அதுதான். பல்பை அணைக்கச் சொல்லி அவள் புருஷனைக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பல்பு அணைந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. அவன் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் குடியிருப்பே இருண்டுவிட்டது. என் ஸ்விட்சைத் தட்டினேன், அறை பகலாகிவிட்டது.

பெண் குழந்தை. கத்திய கத்தலில் எனக்கு உயிர் வந்தது. இந்தத் தடவையும் ரத்தம் வந்தது. ஆனால் கிழிசல் கண்ணுக்குத் தெரிந்தது. தையல் போட ஆரம்பித்தேன். குழந்தையின் சத்தம் கேட்டதும் வெளியே இருட்டில் பேச்சுக் குரல்கள் எழுந்தன. பாவம், அடுப்பு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் சோறு போடுவார்கள் என்று பட்டது.

"பொண்ணு பொறந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்குங்க" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தேன்.

"வெளக்குக்கு இன்னா அவசரம் நர்ஸம்மா? எங்களுக்கு இருட்டு பழக்கந்தான். நீ நல்லா பாத்து தையல போடு" என்று யாரோ ஒருத்தி பதில் சொன்னாள்.

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த தையலைப் போட்டேன்.