கொலுப்படிக்குக் கீழே ஒரு சிலிண்டர்

என் கணவர் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே யாராவது ஹெல்மெட் இல்லாமல் நாலடி நடந்தால் போதும், எமன் எருமையோடு வாசலில் நிற்பது போலப் பேசுவார். ஓய்வு பெற்ற மறுவாரமே மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு சொசைட்டி செக்ரட்டரி ஆனார். தொழிலாளிகள் தப்பித்தார்கள், மாமிகள் மாட்டிக்கொண்டோம்.

போன வருஷம் கட்டடத்துக்குக் குழாய் கேஸ் வந்தது. குழாய் வாங்குகிறவர்கள் பழைய சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவர் வீடு வீடாக ஏறி இறங்கி, "எங்கள் வீட்டில் சிலிண்டர் இல்லை" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்கெல்லாம் தானே பொறுப்பு என்று ஒரு கடிதமும் எழுதி கேஸ் கம்பெனிக்குக் கொடுத்தார். எந்த வீட்டிலாவது ஒரு சிலிண்டர் அகப்பட்டால் அவர் வாக்கு பொய்யாகிவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஒன்றை ஒளித்து வைத்தேன்.

என் நியாயம் எனக்கு. குழாயில் வருவதை யார் கண்டது? சிலிண்டர் என்றால் லேசாக அசைத்துப் பார்த்தாலே இன்னும் எத்தனை நாள் வரும் என்று கை சொல்லிவிடும். எங்கேயோ கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் இங்கே கேஸ் விலை ஏறுகிறது, கப்பல் நின்றுபோகிறது என்று தினமும் பேப்பரை உரக்கப் படித்தவர் அவர்தான். கேட்டவளுக்குப் பயம் வராதா? அவர் மீட்டிங்கில் இருந்த நேரமாகப் பார்த்து, இருந்த இரண்டில் ஒரு சிலிண்டரை மட்டும் கொடுத்தனுப்பினேன். இரண்டும் போய்விட்டது என்று சொன்னேன். கையெழுத்து வாங்க எல்லார் வீட்டுக்கும் போனவர், சொந்தக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

நவராத்திரி வந்ததும் கட்டிலைவிட நல்ல இடம் கிடைத்தது. எங்கள் மாதுங்கா வீடுகளில் கொலுப்படியென்று தனியாக வைத்துக்கொள்ள ஏது இடம்? டிரங்குப் பெட்டி, அரிசி டின், பழைய சூட்கேஸ் என்று கையில் அகப்பட்டதை அடுக்கி வேஷ்டியால் மூடினால் படி. அவர் பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது சிலிண்டரை நிறுத்திப் பலகை போட்டு, அவருடைய மயில்கண் வேஷ்டியாலேயே மூடினேன். மேலே கலசம். இனி அம்பாளே காவல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பி வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த வருஷம் படி ஆடவே இல்லையே. பேஷ்" என்றார்.

நாலாம் நாள் அவருக்கு ஒரு சந்தேகம். "சுண்டலுக்குப் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலோ? ஹால் வரைக்கும் வீசறது."

எனக்கும் வீசியது. ஒன்பது நாளும் பெருங்காயமும் சாம்பிராணியும் மல்லியும் மணக்கும் வீட்டில் எந்த வாசனையை எதிலிருந்து பிரிப்பது? மறுநாள் பெருங்காயத்தைக் குறைத்துப் போட்டேன்.

அன்றைக்கு மத்தியானம்தான் கேஸ் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒரு மராத்திப் பெண் வந்தாள். கையில் ஒரு சின்னக் கருவி, கசிவு இருந்தால் கத்தும். சமையலறையில் அது வாயே திறக்கவில்லை. குழாய் கேஸ் மேலே போகும், சிலிண்டர் கேஸ் தரையில் படுக்கும் என்று இவர் அவளுக்கே பாடம் எடுத்தார். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள்.

நவராத்திரியில் வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனசு வருமா? கூடத்துக்குக் கூப்பிட்டுக் குங்குமம் கொடுத்தேன். விளக்கேற்றிவிட்டுச் சுண்டல் கொடுக்கலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். அவள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து கருவியைத் தரையில் வைத்தாள். அது கத்த ஆரம்பித்தது.

"ஊதுவத்திப் புகையா இருக்கும்" என்று இவர் சிரித்தார்.

கருவி நிற்கவில்லை. அவள் வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே சிவப்பாக நின்றது.

"காகூ, யே க்யா ஹை?" இது என்ன மாமி என்று என்னைப் பார்த்தாள்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தீப்பெட்டியைக் கீழ வை. ஸ்விட்ச் ஒண்ணையும் தொடாதே. போய் வாசக்கதவைத் திற." குரல் உயரவே இல்லை. இத்தனை வருஷம் நான் கேலி செய்த அதே குரல்தான். முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டேன்.

இருவரும் கலசத்தையும் பொம்மைகளையும் இறக்கி, சிலிண்டரை வெளியே எடுத்தார்கள். நான் அதற்கு மூடி போடவே இல்லை. அவள் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கருவி அடங்கியது. தப்பை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டாள்.

"மேரே நாம் பே" என்று தன் பெயரையே கொடுத்தார் இவர்.

சிலிண்டரை அவரே சுமந்து படியிறங்கினார். இரண்டாம் மாடி மாமி கதவைத் திறந்து சிலிண்டரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செக்ரட்டரி மாமா, அப்படியே எங்காத்துக் கொலுலேர்ந்தும் ஒண்ணை எடுத்துண்டு போயிடறேளா?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கேட் ஓரம் நாலு சிலிண்டர்கள் நின்றன. நாலும் கொலுப்படிக்கு அடியிலிருந்து வந்தவை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திட்டறதுன்னா திட்டிடுங்கோ" என்றேன்.

"லெட்டர் போனாப் போறது. நேத்து சாயங்காலம் அந்த விளக்குப் பக்கத்துல எத்தனை கொழந்தைகள் உக்காந்து பாடித்து?"

ஏழு பேர். மூன்றாம் மாடிச் சின்னது பாட்டு முடிவதற்குள் என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது. எண்ணிக்கை எனக்குத் தெரியும்.