ராணியின் அழுக்குக் கப்பல்

ஜாபஸ் ட்ரெகென்ஸாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, 'லாரிக்கீட்' இருந்தது. ராணியின் கடற்படையைச் சேர்ந்த, இரண்டு பாய்மரம் கொண்ட குட்டி ஸ்கூனர் கப்பல். அதன் தளத்துக்கு அவர்தான் மேஸ்திரி. விடியும் முன்பே மாலுமிகளான எங்களைத் தளம் தேய்க்க வைப்பார். தேய்த்த இடத்தில் கடற்காகம் எச்சமிட்டாலும் திட்டு எங்களுக்குத்தான்.

தீவுக்காரர்களை ஏமாற்றி ஏற்றி, குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்கு விற்கும் கப்பல்களைப் பிடிப்பது எங்கள் வேலை. அதற்காக வியாபாரக் கப்பல் வேஷம் போட்டோம். பீரங்கியைத் தார்ப்பாயால் மூடினோம், கொடியை ஒளித்தோம். அப்படியும் எங்களைக் கண்டதும் அந்தக் கப்பல்கள் ஓடின. இந்தப் பயணத்திலும் யாரும் சிக்காவிட்டால் லாரிக்கீட் ஏலத்துக்குப் போகும் என்று சிட்னியில் மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அன்று ட்ரெகென்ஸா சாப்பிடவில்லை.

டான்னா தீவில் கிழங்கு விற்கப் படகில் வந்த நௌகா, காயும் துணிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வியாபாரக் கப்பல்ல எவன்யா சட்டை பக்கத்துல சட்டை, கால்சட்டை பக்கத்துல கால்சட்டைன்னு வரிசையா காயப்போடுவான்? அதுவும் எல்லாரும் ஒரே நாள்ல? மலை மேலேருந்து பாத்தாலே தெரியுது, ராணியோட கப்பல்னு."

எங்கள் கப்பலின் தலைவர் லெப்டினன்ட் ஹெஸ்கெத் திரும்பினார். "ட்ரெகென்ஸா?"

"கடற்படை வழக்கம், சார்."

"இன்னிலேருந்து துவைக்க வேணாம். தளத்தையும் தொடக்கூடாது."

"அதுக்கு என்னைச் சுட்டுடுங்க, சார்."

"கப்பல் வேணுமா, சுத்தம் வேணுமாய்யா?"

கப்பல்தான் வேண்டும் என்றார், தளத்தைப் பார்த்தபடி.

எங்களுக்குக் கொண்டாட்டம். மீன் தலை, தேங்காய் மட்டை, கிழிந்த காலுறை எல்லாம் தளத்தில் கிடந்தன. சமையல்காரர் பாஸ்கோ கோழிகளை அவிழ்த்துவிட்டார்.

"மேஸ்திரி, கோழிங்களுக்குத் தேய்க்கச் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

ட்ரெகென்ஸா நாள் முழுக்கக் கடலைப் பார்த்தே நின்றார். ஒருமுறை கை தன்னால் துடைப்பத்தை எடுத்துவிட்டது; மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினோம்.

கடைசியில் ஒரு கப்பல் ஓடாமல் நெருங்கியது. அதன் தலைவன் புகையிலை கேட்டு, தானே படகில் வந்து ஏறினான். மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பன்னிகூட இங்க குடியிருக்காதே. யாருய்யா இங்க மேஸ்திரி?"

"நான்தான்," என்று ட்ரெகென்ஸா தார்ப்பாயை உருவினார். அந்த உருவலில் அவருடைய கோபம் முழுக்க இருந்தது. பீரங்கியைப் பார்த்ததும் வந்தவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். அவன் கப்பலில் அடைத்து வைத்திருந்த தீவுக்காரர்களை அவரவர் தீவில் இறக்கிவிட்டோம்.

சிட்னி துறைமுகத்தில் நாங்கள் நங்கூரம் போட்டபோதே ட்ரெகென்ஸா வாளியோடு தயாராக நின்றார். கரைக்குப் போன லெப்டினன்ட் சிரித்தபடி திரும்பினார்.

"ஏலம் கிடையாது. லாரிக்கீட் நம்மகிட்டயேதான்."

ட்ரெகென்ஸா தண்ணீரில் துடைப்பத்தை முக்கினார்.

"இருய்யா. இனிமே எப்பவும் இதே கோலத்துலதான் ரோந்து போகணுமாம். உத்தரவு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஒரு கோழி வந்து அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது.