மலைக்கோயில் மணிக்கு வந்த பதில்

“…மற்றப் படகுகள் வந்திட்டுது எண்டதுக்காக நிப்பாட்டிப் போடாதையுங்கோ அண்ணை, அவர் இன்னும் தட்டேல்லை” என்று சொல்லிக்கொண்டு நின்றாள், கடலுக்குப் போன கணவரைக் காத்திருந்த அந்தப் பெண். கோயில் மணி அடிப்பவருக்கு என் கடையிலிருந்து தேநீர் கொண்டு நான் மேலே ஏறியபோது காதில் விழுந்தது இதுதான்.

மேலே என்றால் பெரிய உயரமில்லை. யாழ்ப்பாணத்தில் மலை ஏது? மயிலிட்டிக்குக் கிழக்கே கடலோர மேட்டில் பறங்கியர் காலத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்று நிற்கிறது. சுற்றிவர எல்லாம் தட்டைநிலம் என்பதால் அந்த மேட்டுக்கே மலை என்று பெயர். “எங்கடை மலையிலை ஏற மூச்சும் வாங்காது, இறங்க முழங்காலும் நோகாது” என்பார் எங்கள் சந்தி ஓட்டோக்காரர். போரில் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பியபோது வீடுகளைப் புதர் மண்டிய பற்றைக்குள் தேடினோம். கூரை போன அந்தக் கோயிலை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து காலடி எண்ணி நடந்துதான் வேதக்காரரும் சைவக்காரரும் அவரவர் வீட்டு வளவைக் கண்டுபிடித்தோம்.

மணி இப்போது வெளியே, இரும்புக் கம்பத்தில் தொங்குகிறது. பனிமூட்டத்தில் படகுகள் திரும்பும்போது அதை அடிப்பது வழக்கம். அடித்துவிட்டுச் சற்று நிறுத்த வேண்டும். கடலில் இருப்பவன் அந்த இடைவெளியில் துடுப்பால் படகின் விளிம்பில் தட்டிப் பதில் சொல்வான். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. அவள் கணவரின் தட்டு, விரைவாக இரண்டு, தாமதித்து ஒன்று.

அன்று தை மாதத்துப் பனி. விடிந்தும் கடல் தெரியவில்லை. அவள் கணவரின் படகு தவிர மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. கரைக்கு முன்னால் நீருக்கடியில் முருகைக்கற்பார், கூரான பவளப்பாறைத் திட்டு, கிடக்கிறது. வழி தவறினால் படகு பிளந்துவிடும். கணவரின் போன் எடுபடவில்லை. நெற்றியில் திருநீற்றோடு, அவள் தன் போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

மணி அடிப்பவர் அடித்தார். நிறுத்தினார்.

தக், தக். பிறகு, தக்.

அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. சத்தம் கடலிலிருந்து வரவில்லை. கோயிலுக்குப் பின்னால், ஊர்ப் பிரேதங்களை அடக்கும் சேமக்காலையிலிருந்து வந்தது.

“மதிலிலை பட்டுத் திரும்புதாக்கும்” என்றேன்.

“எந்த மதில்? பின்மதில் ஷெல்லோடை போச்சுதல்லோ” என்றார் அவர். கயிற்றை விட்டுவிட்டார். “பிள்ளை, இனி நான் அடிக்கமாட்டன். செத்தவீட்டுக்கும் உந்த மணிதான். ஆரைக் கூப்பிடுறன் எண்டு தெரியாமல் கூப்பிடேலாது.”

“கதையை விட்டிட்டு அடியுங்கோ அண்ணை!”

“ஏலாது.”

மறுபடியும் அதே தட்டு. இம்முறை கொஞ்சம் கிட்ட.

அவள் கணவர் இப்போதும் என் கடைக்கு வருகிறார். அன்று இயந்திரம் நின்றுபோய், இரண்டு கையாலும் துடுப்பு வலித்து, மணி கேட்ட திசையைப் பிடித்தே வந்தாராம். “தட்டுறதுக்கு எனக்கு மூண்டாவது கையே இருந்தது?” என்று கேட்பார். ஆனால் அந்த நேரம் மேட்டில் நின்ற எங்கள் மூவருக்கும் அது தெரியாது.

அவள் செருப்பைக் கழற்றினாள். “எந்தப் பக்கத்தாலை எண்டாலும் அவர் வரட்டும்” என்றாள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, கடலைப் பாராமல், சேமக்காலையைப் பார்த்தபடியே இழுத்து அடித்தாள்.