மிதிக்க மாட்டேன் என்றாள் கோமதி

பம்பாய்க்கு வந்த பிறகு எத்தனையோ விசித்திரங்கள் பழகிவிட்டன. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு என் தூக்கத்தை மாற்றிக்கொண்டேன். முகம் தெரியாதவர்களின் முழங்கை விலாவில் இடிக்க ரயிலில் நிற்கப் பழகினேன். ஆனால் சனிக்கிழமை மதியம் என் மகள் கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற கோலம் மட்டும் இன்னும் பழகவில்லை. ஒரு வாரம் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கை கிடக்கும். அடுத்த வாரம் முழங்காலிலிருந்து பாதம் வரை வெள்ளைத் துணிச் சுற்று. முதல் தடவை அப்படி அவளைப் படியில் கண்டதும் என் கையிலிருந்த முறம் கவிழ்ந்து அரிசியெல்லாம் கீழ்மாடிக்குப் போய்விட்டது. "ஒண்ணுமில்லம்மா, பிராக்டீஸ்" என்று சிரித்தாள். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கிழவரை எழுப்பிவிட்டு இவளை உட்கார வைத்தாராம். "அடிபடலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொன்னேன். வலியைக் காட்டிக்காத பொண்ணுன்னு எல்லாரும் இன்னும் பாவமா பாத்தாங்க."

மாடுங்காவில் அவள் படிக்கும் பள்ளியின் டிரில் டீச்சர் ஒரு மராட்டியப் பெண். வெள்ளைப் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக மைதானத்தில் ஓடுவார். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்களில் பின்னால் நர்ஸாகவோ டாக்டராகவோ, ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவராகவோ ஆக விரும்புகிறவர்களைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் இந்த முதலுதவி வகுப்பை நடத்துகிறார். கோகோ ஆடி விழுந்த பெண்ணின் கணுக்கால் வீங்கினால் என்ன செய்வது, தோள் நழுவினால் எப்படித் தாங்குவது, எலும்புகளின் பெயரென்ன, எப்போது தொடவே கூடாது என்பதெல்லாம் பாடம். பெண்பிள்ளை ஊரார் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று எனக்கு உறக்கமில்லை. நேரில் போய், எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில், "இது பெண்களுக்கு ஏற்றதுதானா?" என்று கேட்டேன். அவர் கோமதியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "கவலைப்படாதீர்கள், இவளுக்கு நல்ல பலமான கைகள்" என்றார். நான் கேட்டது பலத்தைப் பற்றியல்ல. ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு, வேறு எதைப் பற்றிக் கேட்டேன் என்று விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி பிறக்கும்போது கால்தான் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பும் மூச்சுப் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. அம்பாசமுத்திரத்தில் அவள் நடக்கத் தொடங்கும் முன்பே, குப்புறப் படுத்த பெரியவர்களின் முதுகில் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பம்பாய்க்கு வந்த பிறகும் அந்தப் பெயர் எங்களுடன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியிலிருந்து நம் ஊர்க்காரர்கள் செம்பூருக்கு வந்து எங்கள் வீட்டுத் தரையில் படுப்பார்கள். கோமதி இடது காலால் மெல்ல மிதிப்பாள். நான் காப்பி கொடுப்பேன். மதராஸிகள் வந்து எல்லா வேலையையும் பிடித்துக்கொண்டார்கள் என்று சுவர்களில் எழுதத் தொடங்கிவிட்ட இந்த நகரத்தில், எங்களையும் தேடி நாலு பேர் வந்தது அந்தச் சிறு பாதத்தால்தான்.

இந்த வகுப்பில் சேர்ந்த பிறகு அவள் தயங்க ஆரம்பித்தாள். "உள்ளே எலும்பு முறிஞ்சிருந்தா என்னம்மா செய்றது? மிதிச்சா இன்னும் கெட்டுப்போகும்" என்றாள். வருகிறவர்களிடம் பரீட்சை இருக்கிறது, தலைவலி என்று நான் சாக்குச் சொன்னேன். எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும் என்று அப்போதே பயந்தேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி என் கணவருக்குப் பெரியப்பா மகன். தாராவியில் தகரப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார். டிராம்பே பக்கத்துத் தொழிற்சாலையில் இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும், இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தார். குடம் தூக்கிப் போனவர்கள் சிந்திய தண்ணீரில் படியெல்லாம் ஈரம். மேலே ஏறி வந்தவர் கடைசிப் படியில் வழுக்கி, முதுகு அடிபட உருண்டு, நடு வளைவில் போய் விழுந்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. குரலும் குறையவில்லை. "ஏட்டி கோமதி! எங்கட்டி நிக்க? வந்து ஒரு மிதி மிதி. இடுப்பு பிடிச்சுக்கிட்டு."

கோமதி அவர் காலடியில் மண்டியிட்டாள். "பெரியப்பா, கால் விரலை ஆட்டுங்க."

"விரலுக்கு என்னட்டி கேடு? இடுப்புல்லா போச்சுங்கேன்."

"ஆட்டுங்க பெரியப்பா."

வலது கால் விரல்கள் அசைந்தன. இடது கால் அப்படியே கிடந்தது. அவள் அந்தக் கட்டைவிரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்று கேட்டாள்.

"எது?" என்றார் அண்ணாச்சி.

அதற்குள் இவரும் கீழ்வீட்டு ஆளும் குனிந்து, அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். "அப்பா, தொடாதீங்க! ஹாத் மத் லகாவோ!" என்று கோமதி கத்தினாள். "நான் மிதிக்க மாட்டேன். யாரும் தூக்கவும் கூடாது."

"பெரியவரு தரையில கெடக்காரு, நீ சட்டம் பேசுதியா?" என்று இவர் கையை ஓங்கிவிட்டார். கோமதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பதினாலு வயதுப் பெண். மைதானத்தில் நன்றாக இருக்கிற தோழிகளின் காலில் கட்டுப் போட்டுப் பழகியவள். அவள் சொல்வது தப்பாக இருந்தால், எங்களை வாழ வைத்தவரை ஈரத் தரையில் போட்டுவிட்டு நின்ற பழி அவள் தலையில் விழும். நாளைக்கு நம் சனத்தில் யார் அவளைப் பெண் கேட்டு வருவார்கள்? சரியாக இருந்தால், இதோ தூக்கப் போகிற இந்தக் கைகள்தான் அவரை முடமாக்கும். எனக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை. இன்றைக்கும், அன்று தெரிந்துதான் பேசினேன் என்று என்னால் சொல்ல முடியாது. "அண்ணாச்சியைத் தொட வேண்டாம்" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். சொன்ன வேகத்தில் இவருக்கும் அவளுக்கும் நடுவே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஷிண்டே பாயி கதவைத் திறந்து பார்த்தாள். ஒரு மனிதர் தரையில் மல்லாந்து கிடக்கிறார், சுற்றி நிற்கிறவர்கள் யாரும் தொடவில்லை, நான் அழுகிறேன். அவள் வேறென்ன நினைப்பாள்? உள்ளே ஓடி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சிறிய பித்தளைச் செம்பில் கங்கை நீரும் துளசியுமாக வந்து, கடவுள் பெயரை முணுமுணுத்தபடி அண்ணாச்சியின் வாயருகே குனிந்தாள்.

"ஏலே, இவ யாருக்குலே தீர்த்தம் கொண்டு வாரா?" என்று அண்ணாச்சி அலறினார். "நான் இன்னும் போகலைன்னு சொல்லுலே!"

கோமதி மராட்டியில் விளக்கினாள். பாயி நாக்கைக் கடித்துக்கொண்டு செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் யாரும் கேட்காமலே தன் கட்டிலின் பலகையைக் கழற்றி எடுத்துவரச் சொன்னாள். கோமதி தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னபடி எல்லாரும் ஒரே நேரத்தில் அவரைப் புரட்டிப் பலகைக்கு மாற்றினார்கள். மூலை மருந்துக் கடையிலிருந்து டெலிபோன் செய்து வரவழைத்த வண்டியில், பலகையோடு அவரைக் கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ் முதுகில் எலும்பு முறிந்திருந்தது. "இவரை உட்கார வைத்திருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர், அண்ணாச்சியின் மனைவி செண்பகம் அக்காவைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். முடிக்காத அந்தப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டுக்குள் கிடக்கிற கணவரைப் பார்த்துக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "பச்சைப் பிள்ளையில இருந்து யார் யாருக்கோ மிதிச்சா. சொந்தப் பெரியப்பனுக்கு மட்டும் கால் வரலியாக்கும். உடனே மிதிச்சிருந்தா அப்பவே எந்திரிச்சிருப்பாக."

அந்தப் பேச்சு தாராவி முழுவதும் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. படிப்பு ஏறியதும் கால் ராசி இறங்கிவிட்டது என்றார்களாம். "அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த வகுப்பை நிறுத்திருவோம்" என்றார் இவர். கோமதி எலும்புப் படம் வரைந்த தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பதில் அவள் அழுதிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா சொல்வதுபோல ஆகியிருக்குமோ என்று சில சமயம் எனக்கும் சந்தேகம் வரும். மறு நிமிஷமே டாக்டர் முடிக்காமல் விட்டதை நினைத்து உடம்பு சிலிர்க்கும். இரண்டு பயத்தையும் சுமந்துகொண்டு, அண்ணாச்சிக்குச் சோறு கட்டிக்கொண்டு நாள்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அவர் என்னிடம் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமலிருப்பது வேறு பயம்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, நடக்கப் பழக்குகிற கூடத்துக்கு அவரைக் கொண்டு போனார்கள். இடது கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் வலது பக்கம் பிடித்துக்கொண்டு, இடது பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றாள். அக்கா முன்னால் போகவில்லை. கோமதி போனாள். பள்ளியில் டீச்சர் எண்ணுவதுபோல, "ஏக், தோன், தீன்" என்று எண்ணிக்கொண்டே அவரை நகர்த்தினாள்.

அண்ணாச்சி நின்றுவிட்டார். வகுப்பை நிறுத்தும் அந்த ஒரு வார்த்தையை இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நம்ம பாசையில எண்ணுட்டி" என்றார். "கால் எனக்கா, மராட்டிக்காரனுக்கா?"

அவள் ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். கூடத்தின் பாதி தூரத்தில் தமிழ் தடுமாறியது. எட்டோ ஒன்பதோ வந்த இடத்தில், அவளை அறியாமல் மராட்டி எண்கள் வந்தன. அவர் திருத்தவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடி வைத்தார். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சாய்ந்தால் அவளும் சேர்ந்துதான் விழுவாள். அப்படி விழுந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியாமலே, கூடத்தின் கடைசிவரை கைகளைத் தாழ்த்தாமல் நடந்தேன்.