நட்சத்திர மீனின் ஐந்தாவது கை

கோபத்தை மறந்துவிடு, உடம்புக்கு ஆகாது என்று எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் குறைவு. நான் மறக்கவில்லை. பதினேழு வயதில் பிடித்த கோபத்தை முப்பது தாண்டும்வரை சோறு போட்டு வளர்த்தேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் ஒரு போத்தலுக்குள் செத்துக் கிடந்த நட்சத்திர மீன்.

அது கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலை. விலங்கியலும் தாவரவியலும் தனித்தனிப் பாடங்களாக இருந்த காலம். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் டவுனில் கடை வைத்திருந்தவர்களின் அல்லது உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகள். விலங்கியல் படிப்பித்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், குண்டசாலையில் வாடகை அறையில் தங்கியிருந்தார். நன்றாகப் படிப்பிப்பார், அதை மறைக்க மாட்டேன். முதல் நாளே ஒவ்வொருத்தியையும் எழுப்பி ஊர் எது, தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் "ஓ" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'தோட்டத்துப் பிள்ளை'.

கண்டிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் வாவியில் இருந்ததெல்லாம் மீனும் ஆமையும் கபரகொய்யா என்கிற நீர் உடும்பும், எல்லாமே முள்ளந்தண்டுள்ளவை. புத்தகத்திலோ முட்தோலிகள் என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. நட்சத்திர மீன், கடல் முள்ளி, கடலட்டை எல்லாம் அந்தக் கூட்டம். தலை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, உடம்பே ஐந்து பங்காகப் பிரிந்திருக்கும். வாய் அடியில் இருக்கும். காலுக்குள் தண்ணீரை ஏற்றி இறக்கித்தான் நடக்கும். இதையெல்லாம் ஒரு தரம்கூடக் கண்ணால் காணாமல் நாங்கள் மனப்பாடம் செய்தோம். வகுப்பில் ஒருத்தியின் மாமா திருகோணமலையில் இருந்தார். அவர் போர்மலின் போத்தலில் ஒரு நட்சத்திர மீனை அனுப்பி வைத்தார். மிஸ் அதைப் பெருமையோடு வாங்கி, திறந்தும் பார்க்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

செயல்முறை வகுப்பன்று அதை எடுத்துத் தட்டில் வைக்கும்படி என்னிடம் சொன்னார். அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றவள் நான், அவ்வளவுதான். போத்தலைத் திறந்து, இடுக்கியால் மெல்லத் தூக்கித் தட்டில் வைத்தேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான்கு கைகள் நீளமாக இருந்தன. ஐந்தாவது மட்டும் சுண்டுவிரல் அளவில், ஒல்லியாக இருந்தது.

"உடைச்சுப் போட்டீரே," என்றார் மிஸ்.

நான் இல்லை என்றேன். எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றேன். உடைந்த துண்டு எங்கே என்று யாரும் தேடவில்லை. தட்டிலும் இல்லை, போத்தலிலும் இல்லை. மிஸ் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உது கொழுந்து பறிக்கிற கை. உம்மட்டைக் குடுத்தது என்ரை பிழை."

பெண்கள் சிரித்தார்கள். நான் வாழ்நாளில் ஒரு கொழுந்துகூடப் பறித்ததில்லை. என் அம்மா பறித்தார், அந்தக் கையால்தான் எனக்குத் தலை வாரிவிட்டார். அதைச் சொல்லியிருக்கலாம். இடுக்கியைத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் தகப்பனை அழைத்து வரச் சொன்னார்கள். இங்கே என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், தோட்டத்துச் சங்கத் தலைவராகவும் இருந்தார். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு முன்னால் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை துரை மன்னிப்புக் கேள் என்றதற்கு, வேலையை விட்டு நிறுத்தினாலும் கேட்க மாட்டேன் என்று சொன்னார், அதனால் தோட்டமே வேலைக்குப் போகாமல் நின்றது. அப்படிப்பட்ட மனிதர் ஆய்வுகூட வாசலில் நின்று குனிந்து, "தெரியாம செஞ்சிருச்சுங்க மிஸ், மன்னிச்சிக்கிருங்க," என்று கை கூப்பினார்.

நான் உடைத்தேனா என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்த ரயிலிலும் பேசவில்லை. பேராதனைச் சந்தி, கம்பளை எல்லாம் கடந்து போயின. யன்னலைப் பார்த்தபடி, அப்பாவும் நம்பிவிட்டார், சொந்த மகள் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் என்று நான் பொருமிக்கொண்டு வந்தேன். மிஸ் சொன்னதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது.

என்னை வகுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் படிப்பு முடியும்வரை ஆய்வு மாதிரி எதையும் தொட எனக்கு அனுமதியில்லை. தேரையை மற்றவர்கள் வெட்டுவார்கள், நான் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பேன். அதன் முள்ளந்தண்டு, மண்டையோடு, நான்கு கால் எலும்புகள் எல்லாவற்றையும் மற்றவர்களின் படத்தைப் பார்த்து வரைந்தேன். பரீட்சையில்தான் முதல் தடவையாகக் கத்தரிக்கோலைப் பிடித்தேன், வெட்டியது கோணிப் போனது. மருத்துவத்துக்கு எட்டவில்லை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கிடைத்தது. அதையும் மிஸ்ஸின் கணக்கிலேயே சேர்த்து வைத்தேன்.

பேராதனையில் ஒரு விரிவுரையில்தான் முதல் திருப்தி கிடைத்தது. நத்தை, மண்புழு போன்றவற்றின் கருவில் முதலில் உண்டாகும் துளை பெரும்பாலும் வாயாகிவிடும். நட்சத்திர மீனிலும் முள்ளந்தண்டுள்ள நம்மிலும் அப்படி இல்லை. முதல் துளை மலவாயிலாகும், வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். இரு கூட்டத்துக்கும் எலும்புச் சட்டகம் தோலுக்கு உள்ளேதான், நண்டைப் போல வெளியே இல்லை. குஞ்சுப் பருவத்தில் நட்சத்திர மீனுக்கும் நம்மைப் போல இடம் வலம் உண்டு, வளரும்போதுதான் ஐந்தாகிறது. எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால் கடலில் இருந்த ஏதோ ஒரு மெல்லிய பிராணி இரண்டுக்கும் பொதுப் பாட்டி. ஊரும் தகப்பனும் விசாரிக்கிற மிஸ்ஸுக்குத் தலையில்லாத, மூளையில்லாத இந்தப் பிராணி சொந்தம் என்பதும், அவருக்கும் முதலில் உருவானது வாய் அல்ல என்பதும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தேவையில்லை. அன்று விடுதியில் இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

பிறகு கடற்கரைக்குக் கள ஆய்வுக்குக் கூட்டிப் போனார்கள். பாறைக் குழியொன்றில் உயிருள்ள நட்சத்திர மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். நான்கு கைகள் பெரியவை, ஐந்தாவது குட்டை. திருப்பிப் பார்த்தேன். அந்தக் குட்டைக் கையின் நுனி அழகாக மூடியிருந்தது. அடியில் பள்ளம் ஓடியது, பள்ளத்தில் குட்டிக் குழாய்க்கால்கள் வரிசையாக அசைந்தன. எதுவோ கடித்துக்கொண்டு போன கை மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது. முள்ளந்தண்டுள்ளவர்களில் பல்லிக்கு வால் முளைக்கும், நமக்கு அதுவும் இல்லை. இவற்றுக்கு முழுக் கையே முளைக்கும்.

உடைந்த கைக்கு நுனி இராது. போத்தலில் இருந்ததற்கு நுனி இருந்தது. நான் இடுக்கியால் தூக்கியவள், எனக்கு அது கண்ணிலேயே நின்றது. என் பக்கத்துச் சாட்சி அத்தனை நாளும் அந்த அலுமாரிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்க்க அந்த மனுஷிக்கு மனம் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஆத்திரத்தில் அழுதேன். கூட வந்தவர்கள் முள் குத்திவிட்டதாக்கும் என்று மருந்துப் பெட்டியைக் கொண்டு வந்தார்கள்.

படித்து முடித்து ஆசிரியையானேன். முதல் நியமனம் வேறெங்கோ கிடைத்தது. இடமாற்றம் கேட்டு, காரியாலயப் படிகளில் ஏறி இறங்கி, கடைசியில் அதே பாடசாலைக்கு வந்தேன். ஏன் அங்கேதான் வேண்டும் என்று கேட்டவர்களிடம் வீட்டுக்குக் கிட்ட என்று சொன்னேன். மிஸ் அப்போது விஞ்ஞானப் பகுதித் தலைவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நீர் கெட்டிக்காரியெண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

போத்தல் அலுமாரியிலேயே இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அடுத்த அறையில்தான் மிஸ் உட்கார்ந்து எழுதுவார். இடையில் இருந்தது அரைச்சுவர். ஒவ்வொரு வருடமும் முட்தோலிப் பாடம் வரும்போது, அவர் அங்கே இருக்கிற நேரமாகப் பார்த்துப் போத்தலை எடுப்பேன். நட்சத்திர மீனைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியைப் பெண்களிடம் கொடுத்து, குரலை உயர்த்துவேன். இது முளைக்கிற கை, நுனியைப் பாருங்கள், குட்டிக் கால்களைப் பாருங்கள் என்பேன். இதை ஒரு மாணவி உடைத்துவிட்டாள் என்று ஒரு காலத்தில் இதே அறையில் தண்டனை கொடுத்தார்கள் என்பேன். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். பூதக்கண்ணாடி இல்லையா டீச்சர் என்று யாராவது ஒருத்தி கேட்பாள். இருந்தது, அவர்களுக்குக் கண்தான் இருக்கவில்லை என்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் கதிரை நகர்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன்.

அவர் ஓய்வு பெறுகிற வருடமும் அந்தப் பாடம் வந்தது. நான் வழக்கமான இடத்துக்கு வந்து, பெண்கள் சிரித்து ஓய்ந்தபோது, மிஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தட்டுக்குக் கிட்ட நின்றார். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"அந்த மிஸ் நான்தான். அந்தப் பிள்ளை உங்கட டீச்சர்," என்றார் அவர்களிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கிழமையே பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனான். விளங்கீட்டுது. ஆனா உம்மட அப்பா மன்னிப்புக் கேட்டிட்டார். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

தெரியாமல் செய்தார் என்றுதான் அத்தனை வருடமும் திட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டே இரண்டு வருடம் என்னைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார். அப்பாவின் கும்பிட்ட கையைக் கதவாக்கி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். அவர் கண்ணில் நீர் நின்றது. எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன மிஸ்? எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க," என்றேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் குடையோடு நின்றார். இருவரும் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றியது. யன்னல் பக்கத்து இருக்கையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்பா வேலையை விட்டு, டவுன் ஓரத்தில் எங்கள் சிறிய வீட்டில் இருந்தார். அவருக்கு நான் எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இவர்தான் அந்த மிஸ் என்றேன். கதிரையில் இருந்தவர் எழவில்லை. மிஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: உங்கள் மகள் உடைக்கவில்லை, அது முளைக்கிற கை, அந்தக் கிழமையே எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆச்சரியம் வரும், என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எம்புள்ள ஒடைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க," என்றார் அப்பா. "இது பொய் சொல்ற புள்ள இல்ல. நா குனியலன்னா நீங்க வகுப்புல வச்சிருக்க மாட்டீங்க. அதுக்குத்தான் கேட்டேன்."

ரயிலில் அவர் பேசாமல் வந்ததற்கு நான் அத்தனை வருடமும் வைத்திருந்த அர்த்தம் அந்த ஒரு பேச்சில் இல்லாமல் போனது. அப்பா இன்னும் முடிக்கவில்லை. சங்கக் கூட்டங்களில் பேசுகிற குரல் அவருக்குத் திரும்ப வந்திருந்தது.

"இப்ப இவ படிச்சி முடிச்சிட்டா. ஒங்க தயவு இனி எங்களுக்குத் தேவையில்ல. அன்னைக்கு நா கேட்ட மன்னிப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்."

மிஸ் என்னைப் பார்த்தார். பெரியவர் ஏதோ கோபத்தில் பேசுகிறார் என்று நான் சமாதானம் சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் தலை குனிந்தார்.

"ஓம் ஐயா," என்றார். "எடுத்துக்கொள்ளுங்கோ."